தொடுவானத்தில் தடையில்லை

"தொடுவானத்தில் தடையில்லை" என்ற வரியை யாராவது என் முன்னால் இன்னொரு தடவை சொன்னால் கையில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிடுவேன். ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனர், டீ டம்ளர் இருந்தால் டீ டம்ளர். என் கோபம் என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். "மேடம் இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்று வாசல் காவலரிடம் கேட்டுவிட்டுத்தான் சில பேர் உள்ளேயே வருவார்கள். கேட்கட்டும். இந்த விஷயத்தில் எனக்கு வந்த கோபத்தில் ஒரு சொட்டுகூட அதிகமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் ராடார் இன்ஜினீயர். பழைய ராணுவ ராடார்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுத்தும் ஒரு கம்பெனியில் வேலை. தஞ்சாவூரில் வாடகை வீடு. கம்பெனி பேரையும் எழுத மாட்டேன், ராடார் நிலையம் இருக்கும் இடத்தையும் எழுத மாட்டேன்; எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதிராம்பட்டினத்துப் பக்கம், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நான் பிறந்த கிராமமாகவும் போனதுதான் வினை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். அண்ணன் குவைத்துக்குப் போய் லாரி ஓட்டி, ஊருக்குக் கிழக்கே மேட்டு நிலம் கொஞ்சம் வாங்கினான். எங்கள் குடும்பத்தின் பேரில் பட்டா என்று ஒன்று வந்தது அப்போதுதான் முதல் தடவை. வாங்கியது அண்ணன் என்றாலும் அந்த நிலத்தில் தென்னை வைத்து, கூடவே நின்றது முழுக்க அண்ணிதான். அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவான்.

அந்தத் தோப்பைத்தான் புயல் ஒரே மூச்சில் படுக்க வைத்தது. எங்கள் ஊரில் மட்டுமா, அந்தப் பக்கம் முழுக்கத் தென்னை என்று ஒன்று நிற்கவில்லை. பல பேர் அதோடு விட்டுவிட்டார்கள். அண்ணி விடவில்லை. விழுந்த மரங்களை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சமிருந்த வேர்க்கட்டைகளைத் தோண்டி, கன்று வாங்கி வைத்து, பம்புசெட்டு பழுதான கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி அந்தத் தோப்பை மறுபடி எழுப்பினாள். நான் லீவில் போகும்போதெல்லாம் அவள் தோப்பில்தான் இருப்பாள். கைபேசியை எடுக்கவே மாட்டாள். நேரே தோப்புக்குப் போய்விட வேண்டியதுதான்.

இப்போது ராடாருக்கு வருகிறேன். அதே ஊருக்கு மேற்கே ஒரு பழைய ராடார் இருந்தது. பெரிய கம்பிவலை ஆன்டெனா ஒன்று உயரமான இரும்புக் கோபுரத்தின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அதைப் பார்த்துத்தான் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வோம். அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் இன்ஜினீயரிங் படித்தபோதுதான் தெரிந்தது. அதன் உதிரி பாகங்கள் உலகத்தில் எங்கேயும் செய்வதில்லை என்ற நிலைமை வந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்க முடிவானது. புதியது சுற்றாது. தட்டையான முகம், அதில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன மாட்யூல்கள். பத்து செத்தாலும் மிச்சம் வேலை பார்க்கும். உயரத்தில் வரும் விமானத்தை மட்டுமல்ல, கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக வரும் ஏவுகணையையும், சைக்கிள் வேகத்தில் வரும் சின்ன ட்ரோனையும் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதை வாங்கியதற்கே காரணம். நல்ல சாமான். அதை நான் என் கையால் பூட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆனால் எவ்வளவு நல்ல ராடாரும் நேர்கோட்டில்தான் பார்க்கும். மொட்டைமாடியில் நின்றால் தெருக்கோடி தெரியும், வாசலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். அதற்காகத்தான் பழையதற்குக் கோபுரம் கட்டினார்கள். புதிய திட்டத்தில் அந்தக் கோபுரத்தை எடுத்துவிட்டார்கள். குட்டையான ஒரு மேடை போதும் என்று வடிவமைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், களஆய்வில் தொடுவானத்தில் தடையில்லை என்று வந்ததாம்.

வேலை பாதி நடந்த பிறகுதான் என்னை அந்த நிலையத்துக்கு மாற்றினார்கள். போன முதல் நாளே, கிழக்கே இருப்பது என் அண்ணியின் தோப்பு என்று நானே சொல்லிவிட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

முதல் தடவை மின்சாரம் கொடுத்து ராடாரைக் கடல் பக்கம் திருப்பினோம். திரையில் கிழக்குப் பக்கம் முழுக்கப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி. கூட வேலை பார்த்த பையன்கள் மென்பொருளில் கோளாறு என்றார்கள். நான் வெளியே போய் மேடையில் ஏறி நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே அண்ணியின் தென்னைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ராடாருக்கு அசைவதெல்லாம் கணக்கு. ஒவ்வொரு மட்டையும் அதற்கு ஒரு விமானம்தான். அந்தப் புள்ளிகளை வடிகட்டி அழிக்கலாம். ஆனால் மெதுவாக வரும் ட்ரோனும் அந்த வடிகட்டியில் சேர்ந்து அழிந்துபோகும். எதற்காக வாங்கினோமோ அதுவே கையைவிட்டுப் போய்விடும்.

திட்டத் தலைவர் சென்னையிலிருந்து வந்தார். நன்றாகப் பேசுவார், சட்டை கசங்காது. கூட்டத்தில் நான் எழுந்து, பழைய உயரத்துக்கே கோபுரம் வேண்டும் என்றேன். தென்னை இன்னும் வளரும், அதற்கு அப்பால் கடற்கரையில் புயலுக்குப் பிறகு வனத்துறை நட்ட சவுக்குத் தோப்பு இருக்கிறது, அது தென்னையைவிட வேகமாக வளரும், கோபுரம் ஒன்றுதான் வழி என்றேன்.

"மேடம், சர்வேல தெளிவா வந்திருக்கு," என்றார். "அங்க ஒரு மரம்கூட இல்லை. திரும்ப வராதுன்னு லோக்கல் ஜனங்களே சொல்லியிருக்காங்க. நம்ம டீம் நேர்ல கேட்டிருக்காங்க."

"எந்த வருஷம் சார் சர்வே பண்ணாங்க?"

அவர் வருஷத்தையும் மாசத்தையும் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். புயலடித்த வருஷம். புயலடித்து, விழுந்த மரங்களின் பச்சை வாடை போவதற்கு முன்னால். தஞ்சாவூர்ச் சீமையில், தென்னையே தொழிலாக இருக்கும் கடற்கரையில், எல்லாம் சாய்ந்து கிடந்த அந்தச் சில வாரங்களில் வந்து நின்று, ஆஹா, எவ்வளவு சுத்தமான தொடுவானம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இழவு வீட்டுக்கு வந்தவன் இங்கே சமையலே நடப்பதில்லை என்று எழுதிக்கொண்டு போன மாதிரி. படித்தவர்கள்தான். மூன்று கால் கருவியெல்லாம் வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

ஆனால் திரும்ப வராது என்று எங்கள் ஊரில் யார் சொன்னது? அது எனக்குப் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அண்ணி வீட்டுக்குப் போனேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, புயலுக்கப்புறம் யாராவது மூணுகால் மெஷின் வெச்சு நம்ம பக்கம் அளந்தாங்களா?"

"அளந்தாங்களே. நிவாரணத்துக்கு வந்தவங்க."

"நிவாரணத்துக்கா?"

"ஆமா, ஜீப்புல வந்தாங்க. நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடந்தோம். நான்தான் அவங்களத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு மரமாக் காமிச்சேன். எல்லாம் போச்சுங்க, ஒன்னுகூட மிஞ்சலைங்கன்னு அழுதேன். அதுல ஒருத்தரு நல்ல மாதிரி. மறுபடி தென்னை வெப்பீங்களாம்மான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னம்மா சொல்லுவாங்க? இனிமே எங்கங்க, இந்த மண்ணுல இனி தென்னையே வராதுங்கன்னேன். வெப்பேன்னு சொன்னா, சரி, இந்தம்மாவுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு கம்மியா எழுதிட்டுப் போயிடுவாங்கல்ல?"

எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். வெள்ளம் வந்தாலும், மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் பயிர் காய்ந்தாலும், அளக்க வருகிறவரிடம் முழுசும் போச்சு என்றுதான் சொல்ல வேண்டும். பாதி போச்சு என்றால் கால்வாசி எழுதுவார்கள். அழவும் வேண்டும். அழாவிட்டால் நம்ப மாட்டார்கள். அண்ணிக்கு அன்று அழுகை தானாக வந்தது, அது வேறு விஷயம். வந்தவர்கள் தாங்கள் யார் என்று சொல்லவில்லை. ராணுவ வேலை, சொல்லக் கூடாது. சாய்ந்து கிடந்த தோப்பில் நின்று ஒரு பெண் அழுததை அப்படியே ஒரு தொழில்நுட்பத் தகவலாகக் குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி உரிப்பதை நிறுத்தினாள்.

"நான் சொன்னதை வெச்சா அந்தக் கோபுரத்தை எறக்குனாங்க?"

"உங்க மேல தப்பு இல்ல அண்ணி."

"என் மேல தப்பு இருக்குன்னு யாரு சொன்னா? ஒரு பொம்பள அழுகையில சொன்னதைப் புடிச்சுக்கிட்டா இவங்க குண்டைத் தடுக்கப் போறாங்க?" பிறகு குரல் இறங்கி, "தோப்பை ஒன்னும் பண்ண மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.

மாட்டார்கள் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். சொன்னது மனசார.

மறுநாள் திட்டத் தலைவரிடம் நடந்ததை விளக்கினேன். உங்கள் ஆட்களை நிவாரண அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னார்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"அப்போ அரசாங்கத்துக்கிட்ட பொய் சொன்னாங்கன்னு சொல்றீங்க."

கூரை போய், பிள்ளைகளோடு பள்ளிக்கூட பெஞ்சுக்கடியில் படுத்துக் கிடந்தவள் சொன்னதைப் பொய் என்றார். அந்த ஆள் மேல் நான் வைத்திருந்த மரியாதை அந்த நிமிஷத்தோடு போயிற்று. இந்தக் கட்டுரையில் இன்னும் 'அவர்' என்று எழுதுவதெல்லாம் வெறும் பழக்கதோஷம்.

"சார், கோபுரத்தைத் திரும்பப் போடுங்க. சவுக்கை யாராலயும் வெட்ட முடியாது. அது கடல்காத்தத் தடுக்க அரசாங்கமே நட்டது. தென்னையை வெட்டினாலும் பிரயோஜனம் இல்ல."

"மேடம், அது உங்க சொந்தக்காரங்க தோப்புன்னு நீங்களேதான் சொன்னீங்க. இந்த விஷயத்துல நீங்க கருத்து சொல்றது முறையில்ல."

அந்த மண்ணைத் தெரிந்த ஒரே இன்ஜினீயர் அந்த அறையில் நான்தான். தெரிந்ததாலேயே நான் பேசக் கூடாதவள் ஆகிவிட்டேன். வெளியூர்க்காரியாக இருந்து இதையே சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்கள். மேலிடத்துக்கு எழுதினேன். சவுக்கைப் பற்றியும் எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு ஒரு நாள், டீ குடிக்கும்போது, அந்த ஆள் தன்னை மறந்து உண்மையைச் சொன்னார். "டவர் திரும்ப வேணும்னு கேட்டா, முதல்ல ஏன் எறக்குனீங்கன்னு கேப்பாங்க. மரம்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். நாட்டின் பாதுகாப்பு, வான் எல்லை, எதிரி, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேலே போர்த்திய துணி. ராடார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் அதில் சோறு தின்கிறவள். நாளைக்குக் கடல் பக்கமிருந்து ஏதாவது வந்தால் முதலில் விழுவது எங்கள் ஊரில்தான், அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிந்தது. அவர்களுக்கு ராடார் பார்க்க வேண்டும் என்பதைவிடத் தங்கள் தப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் முக்கியம்.

தவக்காலத்தின் கடைசியில், வயலில் உளுந்து எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், தோப்பை வெட்ட உத்தரவோடு வந்தார்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பாளை வெடித்து, சில மரங்களில் குரும்பை பிடித்திருந்தது. மெஷின் சத்தம் நிலையம் வரைக்கும் கேட்டது. நான் கேபிள் பூட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் போட்டுவிட்டுத் தோப்புக்கு நடந்தேன். அண்ணி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தானே. கொஞ்ச நேரம் கழித்து, சாய்ந்த மரங்களுக்கு நடுவில் போய் அரிவாளால் குருத்தை வெட்ட ஆரம்பித்தாள்.

எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வரும் ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கோயிலுக்குக் குருத்து பாபநாசத்துப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நிற்கிற இளமரத்தில் குருத்தை வெட்டினால் வளர்ச்சி கெட்டுவிடும், அதனால் ஊரில் யாரும் கொடுக்க முடியாது. இந்த வருஷம் ஒரு தோப்பே சாய்ந்து கிடந்தது. அண்ணி அத்தனை குருத்தையும் வண்டியில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பினாள்.

அந்த ஞாயிறு ஊரே கையில் அண்ணியின் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனி வந்தது. பிள்ளைகள் சிலுவை முடைந்தார்கள், ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஓலையால் அடித்து விளையாடினார்கள். இவ்வளவு செழிப்பான ஓலையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கிழவர்கள் தடவிப் பார்த்தார்கள். எல்லோரும் ஓசன்னா பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அண்ணி எனக்கு முன்னால் நடந்தாள். அவள் பாடினாள், உரக்கவே பாடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவே வேண்டியதில்லை. கோடையில் இறுதிச் சோதனை வைத்தார்கள். கடலுக்கு மேல் ஒரு சின்ன ட்ரோனைத் தாழ்வாகப் பறக்கவிட்டார்கள். திரையில் வந்தது, வந்தது, கரையை நெருங்கும்போது காணாமல் போயிற்று. திரும்பப் பறக்கவிட்டார்கள். அதே இடத்தில் காணோம். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் திட்டத் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சவுக்கு," என்றேன்.

சவுக்கை வெட்ட வனத்துறை சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. கடைசியில் கோபுரம் வேண்டும் என்று அவர்களே மேலிடத்துக்கு எழுதினார்கள். பழைய கோபுரத்தைவிட உயரமான கோபுரம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அண்ணியின் தென்னைகள் முழுசாக வளர்ந்திருந்தாலும் ராடாரின் காலுக்குக் கீழேதான் இருந்திருக்கும். முதல் கூட்டத்தில் நான் கேட்டதும் கோபுரம்தான். அந்தக் கடிதத்தில் என் பேர் எங்கேயும் இல்லை. 'தொழில்நுட்ப மேம்பாடு' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்றுதான் டீ டம்ளர் நிஜமாகவே சுவரில் பட்டு உடைந்தது. டம்ளருக்கான காசைக் கேன்டீனில் கொடுத்துவிட்டேன்.

கோபுரம் கட்டுவதற்கு முன்னால் மறுபடி ஒரு களஆய்வு. போன தடவை மாதிரி ஆகக் கூடாது என்று திட்டத் தலைவரே நேரில் வந்தார். கூட ஒரு பெண் அளவுக் கருவியோடு வந்திருந்தாள். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஊர் ஆட்களோடு பேச ஆள் வேண்டுமாம். இப்போது சொந்தக்காரி என்பது உதவியாகிவிட்டது.

அண்ணி தோப்பில்தான் இருந்தாள். தோப்பு என்று ஒன்றும் இல்லை, அறுத்த அடிக்கட்டைகள். அவற்றுக்கு நடுவில் புதிதாகக் குழி தோண்டி, கன்றுகளை நிழலில் அடுக்கி வைத்திருந்தாள். மரங்களைக் குரும்பையோடு வெட்டிய நாளிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு போடுவாள். பேச மாட்டாள்.

திட்டத் தலைவர் செருப்பைக் கழற்றாமல் வரப்பில் நின்று கையைக் கூப்பினார். பணிவாகத்தான் கேட்டார்.

"நாங்க ராடார் வேலையா வந்திருக்கோம்மா. நிவாரணத்துக்கு இல்ல. இந்த நிலத்துல இனிமே என்ன வெக்கப் போறீங்க?"

அண்ணி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள், கருவி வைத்திருந்த பெண்ணைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"தென்னை."

"எவ்வளவு உயரம் வரும்மா?"

"நான் செத்ததுக்கப்புறமும் வளரும். போன தடவை அழுதுகிட்டே சொன்னதை எழுதிட்டுப் போனாங்கல்ல. இப்ப அழாம சொல்றேன். இதையும் எழுதிக்கங்க."

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் எழுதலாமா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எழுதும்மா," என்றேன். "அவங்க சொன்னபடியே எழுது."

அவள் எழுதி முடிக்கும் வரை அண்ணி அப்படியே நின்றாள். பிறகு ஒரு கன்றை எடுத்து, இத்தனை மாசத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து, "இதப் புடி," என்றாள்.